ஹயாத் பாஷா செய்த அடிவாங்கி

ஒலிமுகமது பேட்டையில் ஹயாத் பாஷாவின் பட்டறையில் செய்த செம்பு அண்டா எதுவும் ஒழுகித் திரும்பி வந்ததில்லை. இதை அவர் பெருமைக்காகச் சொல்ல மாட்டார். யாராவது அவசரப்படுத்தினால் மட்டும் சொல்வார்.

"அடுத்த பட்டறையில நாலே நாள்ல முடிச்சுத் தராங்களே பாய்?"

"தருவாங்க. அது திரும்பி வரும். நம்மளுது வராது."

அவரை உட்காரவைத்து யாரும் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. கெட்டுப்போன அண்டாக்களைக் கழிவாக வாங்கி, ரம்பத்தால் இரண்டாக அறுத்து, எந்த இடத்தில் செம்பு தேய்ந்தது, எந்த ஒட்டு விட்டது என்று பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைகளில் பட்டு நூலை முக்கி எடுக்கும் அண்டாக்களில் பாதிக்கு மேல் அவர் கைவேலைதான். அண்டா முடிந்ததும் கடைசியாக உள்பக்கம் வெள்ளீயத்தை உருக்கிக் கலாய் பூசுவார். வெறும் செம்பில் சாயம் காய்ச்சினால் சிவப்பு கறுத்துவிடும், தண்ணீர் நின்றால் பச்சை ஏறும். கலாய் பூசச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதில்லை. சட்டை தைக்கிறவரிடம் பொத்தான் வைக்கச் சொல்ல வேண்டுமா என்ன?

எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம் கோதண்டபாணி வந்தான். திருப்புட்குழியில் நெல் விளைவிக்கிற குடும்பம். அவன் அக்கா கல்யாணத்துக்குத் தவலையும் அண்டாவும் பாய்தான் செய்து கொடுத்திருந்தார். இப்போது அவன் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இன்ஜினியர். நீலத்தாளில் வரைந்த படம் ஒன்றைப் பட்டறைத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு சுத்தியலை வைத்தான்.

"ஒரு குழாய்ல துகள் ஓடி வரும் பாய். கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோ வேகம். ஆராய்ச்சி முடிஞ்சு மீந்து வர்றத எங்கேயாவது நிறுத்தணும் இல்லியா? அந்த எடம்தான் இது. பீம் டம்ப்புனு பேரு."

"எவ்ளோ சூடு?"

கோதண்டபாணி நிமிர்ந்து பார்த்தான். இதற்கு முன் இதைச் செய்து கொடுத்த தொழிற்சாலையில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"ரெண்டு பெரிய வாட்டர் ஹீட்டர் சூடு. ஆனா எல்லாம் ஒரு ரூபா காசு அகலத்துல விழும். உள்பக்கம் காத்தே இருக்காது, வெளிப்பக்கம் தண்ணி ஓடும். ஒரு சொட்டு தண்ணி உள்ள போச்சுன்னா மாசக்கணக்குல மெஷினை மூடிடணும்."

தொழிற்சாலை செய்த இரண்டுமே சோதனையில் ஒட்டு விட்டு ஒழுகியிருந்தன. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஒன்றரை வருஷம் ஆகும். 'பாத்திரக்காரனிடமா போகப் போகிறாய்?' என்று மேலதிகாரி சிரித்தாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான் கோதண்டபாணி. மார்ச் பத்தாம் தேதி மெஷினை ஓட்ட வேண்டும்.

டீ கொண்டுவந்த மெஹதாப் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அடிக்கிறதுக்கு ஒரு மெஷினு, வாங்கிக்கினு சும்மா இருக்கறதுக்கு ஒரு செம்பா? அடிவாங்கின்னு சொல்லுங்க தம்பி, புரியும். இந்த வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு." புருஷன் பக்கம் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அந்தப் பொருளுக்கு அதுவே பேர்.

படத்தில் இருந்தது ஒரு கூம்பு. அகன்ற வாய் வழியாகத் துகள் வரும், கூர் முனைப் பக்கம் அடி விழும். அதன் மேல் உறை போல இன்னொரு கூம்பு. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர்.

"முனையில ஒட்டு வெச்சிருக்காங்க. அடி விழற எடத்துல ஒட்டு வெக்கலாமா? ஒரே தகட்டைத் தட்டித் தட்டியே கூராக்கிடறேன். தண்ணியும் முனையில நுழைஞ்சு வாய்ப்பக்கம் வெளிய வரட்டும். வாய்ப்பக்கத்துல இருந்து விட்டா முனையில காத்து நிக்கும். காத்து நின்ன எடத்துல அண்டா பொசுங்கினத நான் அறுத்துப் பாத்திருக்கேன்."

கோதண்டபாணி பென்சிலை எடுத்துப் படத்தைத் திருத்தினான்.

தகட்டைத் தட்டி, காய்ச்சி, மறுபடி தட்டி, ஒட்டே இல்லாத கூம்பைக் கொண்டுவர ஹயாத் பாஷாவுக்குப் பதினாறு நாள் ஆயிற்று. உறையை வெள்ளிப்பற்று வைத்துப் பற்றவைத்தார். தண்ணீர் நிரப்பி மூன்று நாள் தொங்கவிட்டார். வெளியே ஈரம் கசியவில்லை. கோதண்டபாணி வந்து துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி அது திரும்பி வந்தது.

சாயப்பட்டறை ராமலிங்க முதலியார் தன் அண்டாவுக்காக உட்கார்ந்திருந்த நேரம். கோதண்டபாணி துணிமூட்டையோடு படி ஏறியதைப் பார்த்ததும் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாய் வேலை திரும்பி வந்துடுச்சா! யாருப்பா அங்க, கச்சபேஸ்வரர் கோயில் மேளத்தைக் கூப்பிடு!"

ஹயாத் பாஷா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஒழுகுதா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஒழுகல பாய். ஒரு சொட்டு இல்ல. ஆனா வாய்க்குள்ள கேஸ் தீயை விட்டு சோதிச்சோம். முனையில தண்ணி கடகடன்னு கொதிக்குது. இப்படிக் கொதிச்சா பீம் பட்டதும் ஓட்டை விழுந்துடும்." கோதண்டபாணி தலையைக் கோதிக்கொண்டான். "உங்க மேல தப்பில்ல. என் கணக்குதான். தண்ணி போற சந்தைக் குறுகலா குடுத்துட்டேன்னு நெனைக்கிறேன். எங்க சார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். தவறு படத்தில்தான், வேலையில் இல்லை என்று ஆகியிருக்கும்; ராமலிங்கத்தின் வாயும் அடைபட்டிருக்கும். ஹயாத் பாஷா மூட்டையை அவிழ்த்து அடிவாங்கியை இடுக்கியில் பிடித்தார். ரம்பத்தை எடுத்தார்.

"என்ன பாய் பண்றீங்க?"

"அறுக்காம எப்படித் தம்பி தெரியும்?"

கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு பாதியும் பிரிந்தபோது சிவந்த செம்புக்கு நடுவே, இரண்டு கூம்புக்கும் இடைப்பட்ட சந்து முழுக்க வெள்ளையாக மின்னியது. முனையில் ஒரு பக்கமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி சந்தை அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அந்தப் பக்கம் போகவே வழியில்லை.

"இது என்னா வெள்ளையா?" என்றான் கோதண்டபாணி.

ஹயாத் பாஷா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பார்க்காமலே தெரியும்.

"கலாய்."

"கலாயா? யாரு போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. பற்றவெச்ச பிறகு குழாய் வழியா உருக்கி ஊத்தி, சுத்திக் கவுத்துட்டேன். கொஞ்சம் உள்ளயே தங்கிப்போச்சு." அவர் பாதியைக் கீழே வைத்தார். "தண்ணி படற செம்பைக் கலாய் பூசாம எப்படித் தம்பி வெளிய அனுப்பறது?"

"அதானே!" என்றார் ராமலிங்கம். இவ்வளவு நேரம் கேலி செய்தவர் சட்டென்று கட்சி மாறிவிட்டார். "பச்சை ஏறிடாதா? தெரியாத வேலைக்காரன்தான் அப்படியே விடுவான்."

கோதண்டபாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தத் தண்ணிய யாரும் குடிக்கப் போறதில்ல முதலியாரே. அதுல நூலும் முக்கப் போறதில்ல."

"படத்துல எழுதலியே தம்பி."

"எழுதணும்னு எனக்குத் தோணல பாய்."

"கேக்கணும்னு எனக்கும் தோணல." ஹயாத் பாஷா எழுந்து கை கழுவினார். "உங்க சாருகிட்ட போய்ச் சொல்லிடுங்க. கணக்கு சரி, கைதான் தப்புன்னு. இன்னும் எத்தினி நாள் இருக்குது?"

"பதினொண்ணு."

"முதலியாரே, உங்க அண்டா மார்ச் பத்து தாண்டித்தான்."

"அடிவாங்கி வாங்குற அடி எனக்கும் சேத்தா?" என்று முனகிக்கொண்டே ராமலிங்கம் செருப்பை மாட்டினார். ஆனால் அடுத்த பட்டறைக்குப் போகவில்லை.

கைக்கு வழி தெரிந்துவிட்டதால் இரண்டாவது கூம்பு ஏழே நாளில் வந்தது. எட்டாம் நாள் உறையைப் பற்றவைத்தார். சூடு ஆறுவதற்குள் அவர் கை தானாகப் பின்னால் இருந்த பலகையைத் துழாவியது. கலாய் சட்டியும் இல்லை, கலாய்க்கு முன் தூவும் நவச்சாரப் பொட்டலமும் இல்லை.

"மெஹதாப், கலாய் சட்டி எங்க?"

"உங்க கைக்கு எட்டாத எடத்துல."

"நான் பூசவா போறேன்?"

"இல்லியா? பின்ன எதுக்குத் தேடறீங்க?"

துழாவிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். வெறும் செம்பாகவே விட்டது, உடம்பில் சட்டை இல்லாமல் தெருவில் இறங்கியதைப் போல இருந்தது. இந்த முறை யாரும் சொல்லாமலே தீச்சோதனையைத் தானே செய்தார். குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டு, வாய்க்குள் தீயைப் பிடித்தார். உறை மீது ஒரு இரும்புக் கம்பியை வைத்து, மறுமுனையைக் காதில் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் கேட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான். கொதி இல்லை.

மார்ச் பத்து போயிற்று. பதினைந்தும் போயிற்று. அவர் தொழிலில் சேதி வராவிட்டால் நல்லது என்று அர்த்தம். அண்டா ஒழுகாதவரை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். இந்த ஒரு தடவை மட்டும் யாராவது வந்து சொன்னால் தேவலை என்றிருந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முதலில் வருகிறவர் கையைப் பார்த்தார், மூட்டை இருக்கிறதா என்று.

இருபத்து நான்காம் தேதி கோதண்டபாணி வெறுங்கையோடு வந்தான்.

"நிக்குதா?"

"நிக்குது பாய். ஒரு வாரம் நிறுத்தாம ஓட்டினோம். எங்க சாரே வந்து ரெண்டு தடவ பாத்துட்டுப் போனாரு."

ஹயாத் பாஷா மூச்சை விட்டார். "அப்ப ஒரு தடவ எடுத்துக்கினு வாங்களேன். உள்ள எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுத் தரேன்."

"அது முடியாது பாய். அடி வாங்கி வாங்கி அந்தச் செம்பே இப்போ கதிர் வீசுது. கிட்ட போகக்கூடாது. கான்கிரீட் சுவத்துக்குள்ள இருக்குது. பழசாச்சுன்னாலும் அங்கயே குழியில வெச்சு மூடிடுவோம்."

"அறுத்துப் பாக்கவே முடியாதா?"

"முடியாது."

ஹயாத் பாஷா ரம்பத்தை எட்டத் தள்ளிவைத்தார். பிறகு கேட்டார்: "அடி விழுந்த எடத்தை நீங்க பாத்தீங்களா?"

"மெஷினை நிறுத்திட்டு, குழாய்க்குள்ள தெரியற மாதிரி கண்ணாடி சாச்சு வெச்சு, தூரத்துல இருந்து பாத்தேன். காசு அகலத்துக்குப் பழுப்பா இருக்குது. ஓரத்துல மயில் கழுத்து நிறம்."

"வட்டமா? ஒரு பக்கமா இழுத்துக்கினு இல்லியே?"

"இல்ல பாய். வட்டம்."

"அப்ப தண்ணி சுத்தி ஓடுது," என்று சொல்லிவிட்டு, ராமலிங்கத்தின் அண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்து இன்னொரு மெஷினுக்காக இன்னொரு நீலத்தாள் தபாலில் வந்தது. அளவும் குறிப்பும் எல்லாம் இங்கிலீஷ். ஹயாத் பாஷாவுக்கு எண்கள் மட்டும் தெரியும். தாளின் அடியில், கோதண்டபாணியின் கையெழுத்தில், ஒரே ஒரு வரி தமிழில் இருந்தது. அதை மெஹதாப் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"கலாய் பூசக் கூடாது."