பதினோராவது வெடி

1. முதல் திரி

குவாரியில் முதன்முதலாகத் திரிக்குத் தீ வைத்த அன்று என் வாயில் எச்சில் இல்லை. விரல்கள் மார்கழிக் குளத்தில் முக்கி எடுத்ததுபோல் குளிர்ந்திருந்தன. கண் மட்டும் அதுவரை இல்லாத கூர்மையில் இருந்தது. பாறையில் ஊர்ந்த ஒற்றை எறும்பின் கால்கள்கூடத் தெரிந்தன.

தக்கலைக்கு வடக்கே, அணை வேலைக்குக் கருங்கல் உடைக்கும் குவாரி அது. பாறையில் இறக்கும் துளைக்குத் தமர் என்று பெயர். தமருக்குள் தோட்டா, தோட்டாவுக்குள் அதை வெடிக்கவைக்கும் கேப்பு, கேப்பிலிருந்து வெளியே நீளும் திரி. தீ வைத்துவிட்டு ஓடக் கூடாது, நடக்க வேண்டும். ஓடுகிறவன் தடுக்கி விழுவான். நான் நடந்தேன். மறைவுக்கு வந்ததும் முழங்கால் இரண்டும் ஆடின.

"பேடிச்சியா மக்கா? பயமா?" என்றான் அந்தோணி.

"பேடியா? எனக்கா?"

"அப்பம் அந்த ஆடுக காலு ஆருக்க காலு?"

அந்தோணி மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்காரன். அலையை எண்ணிக் கட்டுமரம் இறக்கிப் பழகியவன். குவாரியில் வெடியை எண்ணுவது அவன் வேலை. நானும் கூடவே எண்ண வேண்டும். எத்தனை தமருக்குத் தீ வைத்தோமோ அத்தனை வெடி கேட்டால்தான் சல்லி சுமக்கும் பெண்கள் உள்ளே போகலாம். ஒன்று குறைந்தால் ஊமை. பாறைக்குள் ஒரு தோட்டா உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம்.

2. பழகிய உடம்பு

மூன்று வருஷத்தில் பயம் சட்டைபோல் கழன்று விழுந்தது. வெற்றிலையை மென்றுகொண்டே திரி வைப்பேன். என்னைப்போல ஒருத்தன் அந்தத் தாலுகாவில் இல்லை என்று எனக்கே தெரியும்.

ஆனால் வெடி இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மச்சினன் கல்யாணப் பந்தியில் பிரதமன் பாயசம் வருமுன்னே எழுந்துவிட்டேன். நாஞ்சில் நாட்டில் அது கொலைக்குற்றம்.

"மலை வெடிக்க எடத்துல சிரிச்சிட்டு நிக்கிய. வீட்டுல செம்பு விழுந்தா துள்ளிச் சாடுதிய. இது என்ன கூத்து?" என்றாள் என் மனைவி தங்கம். அவள் தொல்லை தாங்காமல் நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் நாடியைப் பிடித்தபடியே பேசினார்.

"வே, மூத்திரக்காயி, அதாவது கிட்னி, அதுக்கு மேல ரெண்டு சின்னச் சுரப்பி இருக்கு. ஆபத்துன்னா அட்ரினலின்னு ஒரு நீரை ரத்தத்துல எறக்கும். புலியைக் கண்டா ஓடதுக்கு உள்ளது அது. நீரு தெனமும் புலியைக் காட்டினா என்ன ஆவும்?"

"எனக்குத்தான் பேடியே இல்லியே டாக்டரே."

"ஒமக்கு இல்லை. ஒடம்புக்கு உண்டு. ஒம்மட்ட சொல்லுகதை அது நிறுத்தியாச்சு, அவ்வளவுதான்."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

3. பத்தா, பதினொன்றா

அன்று பதினொரு தமர். அணையில் கல் இல்லாமல் கொத்தனார்கள் சும்மா இருந்ததால் ஓவர்சியர் துடித்துக்கொண்டிருந்தார். தீ வைத்தேன், நடந்தேன், மறைவில் நின்று எண்ணினேன்.

"பதினொண்ணு."

"பத்து," என்றான் அந்தோணி.

"பதினொண்ணுலே. கடல் இரைஞ்சு இரைஞ்சு ஒனக்க காது போச்சு."

"வெடி வெச்சவரே சொல்லுகாரு, பெறவென்ன? ஆளை உள்ள விடு," என்றார் ஓவர்சியர்.

அந்தோணி வழியில் இரண்டு கையையும் விரித்து நின்றான். கூடையோடு முன்னால் வந்த செல்லம்மை, "மாறி நில்லும் வே, வெயிலு ஏறுகு," என்று அதட்டினாள்.

"ஒனக்க கெட்டினவன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டு?" என்றவன் என் பக்கம் திரும்பினான். "மக்கா, கடைசி வெடி ஒனக்க உள்ளங்காலுல தட்டிச்சா? அதை மட்டும் சொல்லு."

வாயைத் திறந்தேன். பத்து வெடியும் பாறை வழியாகக் காலுக்கு வந்தவை. பதினோராவது? யோசித்து நிற்கும்போதே பன்னிரண்டாவது கேட்டது. பிறகு பதின்மூன்றாவது. தும், தும் என்று சீராக, என் காதுக்குள்ளேயே. மனத்தில் ஒரு துளி பயம் இல்லை. நெஞ்சு மட்டும் தனக்குத் தெரிந்த ஆபத்தை அடித்துக்கொண்டே இருந்தது. அதில் ஓர் அடியைத்தான் வெடி என்று எண்ணியிருக்கிறேன்.

"பத்து," என்றேன்.

"இப்பம் பதினொண்ணுன்னு சொன்னீரே!" என்றார் ஓவர்சியர்.

"தப்பாச் சொன்னேன். ஒருத்தரும் உள்ள போகாண்டாம்."

அவர் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டோம். காத்திருக்க வேண்டிய நேரம் முழுவதும் காத்திருந்து, நான் மட்டும் உள்ளே போய்ப் பார்த்தேன். பறந்துவந்த கல் ஒன்று ஏழாவது தமரின் திரியை அறுத்திருந்தது. பெண்கள் கூடை வைத்துக் குனிகிற இடத்தில், தோட்டாவும் கேப்பும் அப்படியே கிடந்தன. ஊமையைத் தோண்டக் கூடாது. தள்ளிப் புதுத் தமர் இறக்கி, அதோடு சேர்த்து வெடிக்க வைத்தோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பயம் போய்விட்டதென்றால் உடம்பு அமைதியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆபத்திலிருந்து இப்போதுதான் திரும்பியவன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரனானாலும், அந்த நேரத்தில் அவன் சாட்சி செல்லாது. நான் அதன்பிறகும் திரி வைத்தேன், நன்றாகவே வைத்தேன். ஆனால் தீ வைத்தவன் எண்ணக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொல்லி, எண்ணிக்கையை முழுக்க அந்தோணியிடம் விட்டேன்.

மறுநாள் ஒன்பது தமர். மறைவுக்கு வந்ததும் பழக்கத்தில் என் உதடு அசைந்தது. அந்தோணி தன் இரண்டு உள்ளங்கையாலும் என் காதை இறுக்கிப் பொத்தினான்.

அவன் தலையசைத்துச் சைகை காட்டிக் கையை எடுத்தபோது பெண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எத்தனை என்று நான் கேட்கவில்லை.