சின்னம்மா கொண்டுவந்த சுரைக்குடுக்கை

ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற நாட்டில் மூன்று வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு என் சின்னம்மா ஊர் திரும்பியபோது, வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தது தங்கம். அவர் கொண்டுவந்தது ஒரு சுரைக்குடுக்கை. பாதியாக வெட்டி, வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, நீளக் கழி செருகி, மூன்று நரம்புகள் மாட்டிய வாத்தியம். மத்தியானத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். சாவித் துவாரம் என் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

காரிமங்கலத்திலிருந்து அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா வாத்தியத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். "பொண்ணுக்குப் பாட்டு தெரியுங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும், எட்டு வயது நான் குடும்ப மானத்தைக் காப்பாற்ற ஓடிப்போய் அதை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் வைத்தேன்.

"என்னாதும்மா இது?"

சின்னம்மா நிமிர்ந்தார். "அகோண்டிங்குன்னு பேருங்க. அந்தப் பக்கத்துச் சனங்கள அடிமையாப் புடிச்சிக் கப்பல்ல ஏத்தறப்ப, கையில ஒண்ணும் எடுத்துக்க வுடலீங்க. போன எடத்துல ஒரு சொரக்குடுக்கையத் தேடிப் புடிச்சி, நெனப்புல இருந்தத மறுபடி செஞ்சாங்க. அமெரிக்காவுல பேஞ்சோன்னு வாசிக்கறாங்களே, அது அப்புடி வந்ததுதாங்க."

"உனக்கு யாரு குடுத்தது?"

"கூட வேலை செஞ்சவருங்க. அவரே செஞ்சது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "இத வாசிச்சிட்டு சின்னம்மா தெனமும் அழுவாங்க" என்றேன். கப்பலில் போனவர்களுக்காக அழுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். போன் பண்ணுகிறோம் என்று போனவர்கள் பண்ணவேயில்லை. அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். சின்னம்மாவோ மீந்த கேசரியை எனக்கு ஊட்டிவிட்டுச் சிரித்தார். ஊருக்கு வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த மாதமே மறுபடி காம்பியாவுக்குப் போக மொரப்பூரில் ரயில் ஏறினார். பழைய சேலையில் சுற்றிய வாத்தியம் மடியில் இருந்தது.

"திரும்பி வந்ததும் எனக்குக் கத்துக்குடுப்பீங்களா?"

ஜன்னல் கம்பிகளுக்கிடையே கைநீட்டி என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார், ரயில் நகரும்வரை. அது 'சரி' என்றே எனக்குப் பட்டது. சின்னம்மா கற்றுத்தரப் போகிறார் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வீடு வரும்வரை அம்மா மட்டும் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. என்மேல் இன்னும் கோபம்போல என்று நினைத்துக்கொண்டேன்.