சுவரில் நான் அழித்த கோடு

ஆம், அந்தக் கோட்டை அழித்தவன் நான்தான். தெரிந்தேதான் அழித்தேன்.

நீங்கள் இரத்தினபுரிக்காரராக இருந்தால் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இங்கே அலுவலகத்துக்கு இடம் பார்க்க வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். களுகங்கை ஆறு பெருகி எந்த உயரம்வரை நின்றதோ, அங்கே பழுப்பாக ஒரு கோடு படிந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் வாடகைப் பேச்சு.

நான் பார்த்துக்கொள்ளும் கட்டடம் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தது. தேக்குப் படிகள், தடித்த சுவர்கள், வளைந்த ஜன்னல்கள்... போகிறவர்கள் நின்று படம் பிடிக்கும் அழகு! மாடியில் வக்கீல்கள் இருந்தார்கள். கீழ் அறை மட்டும் காலி. அங்கே கோடு என் மார்பளவுக்கு இருந்தது. கொழும்பிலிருக்கும் முதலாளி ஓயாமல் நச்சரித்தார். நான் சுண்ணாம்பு வாங்கினேன்.

சில நாட்களில் ஸ்டெல்லா வந்தாள். றப்பர்த் தோட்டத்துப் பெண். லயத்து ஆட்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்காரர்களுக்கு, சிங்களத்தில் விண்ணப்பம் எழுதிக்கொடுக்க ஓர் அறை தேடினாள். நானும் லயத்தில் பிறந்தவன்தான். என் பேச்சிலேயே அதைக் கண்டுகொண்டு அவள் முகம் மலர்ந்தது.

அவள் சுவரைப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய் அங்கிருந்த மண்மேட்டைப் பார்த்தாள். தரையில் வெடிப்புத் தேடினாள். மலையில் வாழ்கிறவர்களுக்கு மண்சரிவுதான் பயம். ஆற்றின் நினைப்பே வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, மழைக்கு இந்த மேடு சரியுமாங்க?"

"சரியாதும்மா. பயப்படாம இருங்க."

"நம்ம ஆளு நீங்க சொன்னாப் போதுங்கண்ணே."

பொய் சொல்லவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடு சரியாதுதானே! சீ... என்ன மனது இது!

வைகாசி மழையில் ஆறு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை, அவள் அறை பூட்டியிருந்தது. மாற்றுச் சாவி என் இடுப்பில் இருந்தது. தோட்டத்து ஆட்கள் நம்பிக் கொடுத்த அசல் பிறப்புச் சான்றிதழ்களும் பிரஜாவுரிமைப் பத்திரங்களும் அவள் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. மாடிக்குத் தூக்கிவர எனக்கு நேரமிருந்தது. ஆனால் தூக்கினால், அறைக்குள் வெள்ளம் வருமென்று உங்களுக்கு முன்பே எப்படித் தெரியும் என்று கேட்பாளே? அதற்காகவே தேக்குப் படியில் நின்று, தண்ணீர் கதவுக்கு அடியில் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள்.

வடிந்தபின் அறை முழுக்கச் சேறு, செத்த எலி நாற்றம். ஸ்டெல்லா அலுமாரியைத் திறந்தாள். தாள்கள் கூழாகிக் கையில் ஒட்டின.

"இந்த ஆளுங்களுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன் அண்ணே? நாட்டுல இருக்கிறதுக்கே அவங்ககிட்ட இதுதாங்க சாட்சி."

நான் குனிந்து தரைச் சேற்றை வழிக்கத் தொடங்கினேன்.

"தண்ணி வருமின்னு ஒங்களுக்கும் தெரியாதுதானேங்க?"

"தெரியாதும்மா."

அதை அவள் நம்பினாள்! நம்பியதோடு, என் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவ வாளியில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் கால்களைத்தான் இன்றும் சுமந்து திரிகிறேன்.

அவள் அறையைக் காலி செய்துவிட்டாள். பத்திரங்களைப் பறிகொடுத்தவர்கள் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கும் தோட்டத்துக்குமாக அலைகிறார்கள். பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டால், "அண்ணே, சொகமா இருக்கீங்களா?" என்று அவள்தான் முதலில் கேட்கிறாள்.

சுவரில் இப்போது புதுக்கோடு, என் கழுத்தளவுக்கு. முதலாளி மறுபடி நச்சரிக்கிறார். இன்று காலை ஒருவர் அறை விசாரித்துத் தொலைபேசியில் பேசினார். தோட்டத்துத் தமிழ்.

"நாளைக்கு வாங்க, நம்ம எடம்தான்" என்றேன்.

வாளியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது.