எங்கள் முறைத் தண்ணீர்

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். அப்பா இடம்கூடக் கொடுக்கவில்லை, சாவியைத்தான் கொடுத்தார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் வரும்வரை தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி, பட்டறையில் கூட வேலை செய்தவரிடம் கொடுத்திருந்தார். திரும்பி வந்தால் அந்த ஆள் மனைவி, கைக்குழந்தையோடு உள்ளே குடியிருந்தார். வீட்டை அப்பா தனக்கு விற்றுவிட்டதாகக் கூசாமல் சொன்னார்.

அப்பா கதவை உடைக்கப் போனார். "ஒடைச்சா போலீஸ் ஒங்களத்தான் புடிச்சு உள்ள போடும்" என்று அம்மா இழுத்து வந்துவிட்டாள். மான்குர்த்தில் மாமா வீட்டில் ஒண்டிக்கொண்டு வழக்குப் போட்டோம்.

"வீடு யாருதுன்னு இப்ப கேக்க மாட்டாங்க. வெளிய தள்ளுறதுக்கு முன்னாடி யாரு இருந்தாங்கன்னுதான் கேப்பாங்க" என்றார் வக்கீலம்மா. வீடு யாருடையது என்றுகூடக் கேட்காத கோர்ட் என்ன கோர்ட் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எங்கள் சந்தின் குழாயில் வீட்டுக்கொரு முறை உண்டு. எங்கள் முறையைச் சந்துப் பெண்கள் அந்தக் குடும்பத்துக்கு விடவில்லை. அம்மா தினமும் என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்து, எங்கள் முறைக்குத் தண்ணீர் பிடித்துப் பக்கத்து வீட்டில் வைப்பாள். "முறைய விட்டா வீட்டையே விட்ட மாதிரி ட்டி" என்பாள்.

ஒருநாள் அந்த ஆளின் மனைவி இடுப்பில் குழந்தையும் கையில் காலிக் குடமுமாக வந்து நின்றாள். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா தன் குடத்தை அப்படியே அவள் குடத்தில் சாய்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பச்சப்பிள்ளைக்குப் பால் கலக்கணும்லா? சும்மா இரு ட்டி" என்று அம்மா என்னை அதட்டினாள்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு குடம் அவளுக்குப் போயிற்று.

கோர்ட்டிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். வருஷக்கணக்காக இங்கேதான் இருக்கிறோம் என்று அந்த ஆள் அடித்துப் பேசினார். அதிகாரி அவர் மனைவியிடம் திரும்பினார். அவள் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். "யே அக்கா கா கர் ஹை, சாப்" என்றாள், இது அக்கா வீடு என்று. அக்கா ஊருக்குப் போன சமயத்தில்தான் நாங்கள் வந்தோம் என்பதையும் உடைந்த ஹிந்தியில் சொல்லி முடித்தாள்.

அந்தச் சொல்லால்தான் மழைக்காலத்துக்கு முன்பே வீடு எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அவள் அதைச் சொன்ன அன்றைக்கே, ஜெயித்துவிட்டோம் என்று நான் சந்து முழுக்க ஓடினேன். அந்தச் சொல்லைச் சொன்னவள் அதே புருஷனோடு அதே அறைக்குள்தான் திரும்பிப் போக வேண்டும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அம்மா அன்று மான்குர்த்துக்கு ரயிலேறவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டைக் காவல் காக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.