அறுபத்தொன்றாவது பிள்ளை

எங்கள் வீட்டிலிருந்து மருமகள் வேலை பார்த்த அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் பதினோரு கிலோமீட்டர். பேத்தி படிக்கும் தனியார் பள்ளிக்கு நான்கு. தூரத்தைச் சொல்லித்தான் அன்று மருமகளின் வாயை அடைத்தேன். உண்மைக் காரணம் தூரமில்லை.

நாகல் நகரில் எங்களுக்கு இரண்டு வீடுகள், சித்தையன்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு, மகனுக்கு டைல்ஸ் கடை. நான் முப்பத்து நான்கு வருடம் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மகனை அங்கே சேர்க்கவில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் ஒன்பது பேர். ஒன்பது பேர் பிள்ளைகளும் கான்வென்ட். யாரும் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை.

கேட்டது சின்னாளப்பட்டியில் ஒரு நெசவுக்காரப் பெண். மருமகளின் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். அறுபதைத் தாண்டினால்தான் மூன்று ஆசிரியர்கள். இல்லையென்றால் மூன்றாவது ஆள் உபரி. காலியிடம் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். மூவரில் பணியில் இளையவள் என் மருமகள். அதனால் மே மாத வெயிலில் வீடு வீடாகப் பிள்ளை கேட்டுப் போனாள். கார் ஓட்டியது நான்.

"புத்தகம், சீருடை, காலைச் சாப்பாடு எல்லாம் உண்டுக்கா," என்றாள் மருமகள்.

"அம்புட்டும் சரி டீச்சர். ஒங்க பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்?"

மருமகள் காரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் குனிந்து காருக்குள் என்னைப் பார்த்தாள். "கார்ல வந்து கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துக்கு ஆள் பிடிக்கிறீக. ஏன்யா, அந்தச் சோறு ஒங்க பேத்திக்கு எறங்காதோ?"

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். ஆனால் தன் மகளை அவள் சேர்க்கத்தான் செய்தாள். அந்தக் குழந்தையோடு அறுபது.

ஜூலைக் கடைசி வரை அறுபதிலேயே நின்றது. ஆகஸ்ட் முதல் தேதிப் பதிவேட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இரண்டு நாள் இருக்கும்போது, சாப்பிடுகையில் மருமகள் சொன்னாள். "மாமா, பாப்பாவ என்கூடவே கூட்டிட்டுப் போறேன். ஒண்ணாம் வகுப்புதானே. அவ வந்தா அறுபத்தொண்ணு."

மகன் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"கடை நொடிச்சுப் போச்சுன்னு ஊர் பேசும்மா," என்றேன்.

"நான் ஒழுங்காப் பாடம் நடத்தமாட்டேன்னு நெனைக்கிறீங்களா மாமா?"

"அதில்லம்மா. பதினோரு கிலோமீட்டர், சின்னப் பிள்ளை..."

அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் இரண்டு பள்ளிகளுக்கும் போய் வந்தேன். அரசுப் பள்ளியில் குழாய் நான்கு, தண்ணீர் வந்தது இரண்டில். தனியார் பள்ளியில் குழாய் இருபத்தாறு. மின்விசிறி, கழிப்பறை, வேன் என்று எல்லாவற்றையும் எண்ணினேன். மருமகளின் வகுப்பறை திறந்துதான் இருந்தது, அவள் குரல் வெளியே கேட்டது. செத்த நேரம் நின்று எப்படி நடத்துகிறாள் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வேறு எங்கிருந்தாவது ஒரு பிள்ளை வந்து சேர்ந்துவிடும் என்று நம்பினேன். ஊரில் பிள்ளைக்கா பஞ்சம்?

யாரும் வரவில்லை.

அவளுக்குக் கிடைத்தது கொடைக்கானல் மலையில் ஒரு சிற்றூர். பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும். அங்கேயே அறை எடுத்துத் தங்கினாள். வெள்ளிக்கிழமை வருவாள், ஞாயிறு மதியம் கிளம்பிவிடுவாள். செல்போனில் சிக்னல் கிடைத்தால் பேசுவாள்.

"பாப்பாவ இப்ப மாத்திரலாமாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இனி எதுக்கு மாமா? அங்கதான் நான் இல்லையே." கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு, "மலையில பதினாலு பிள்ளைங்க. அதுல ஆறு பேரு என்னைய அம்மான்னுதான் கூப்பிடுதுக," என்றாள்.

போன சனிக்கிழமை பேத்திக்குப் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியில் இரட்டைப் பின்னலை மடித்துக் காதோரம் ரிப்பன் கட்ட வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலும் டைரியில் எழுதிவிடுவார்கள். மருமகள் சீப்பும் கையுமாக உட்கார்ந்து பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"நீ வேணாம்மா. தாத்தா பின்னட்டும். ஒனக்கு எங்க ஸ்கூல் பின்னல் தெரியாது."

மருமகள் கொஞ்சம் சிரித்தாள். சீப்பை என்னிடம் நீட்டினாள். பிள்ளைக்கு வேன் வரும் நேரமாகிவிட்டது. வாங்கிக்கொண்டேன்.