அப்பா கை நனைத்த இலை

சூடான சோறு விழுந்ததும் வாழையிலை ஒரு கணம் வேகுமே, அந்தப் பச்சை வாசம். போன வாரம் துடியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அது மூக்கில் ஏறியபோது, பக்கத்து இலைக்காரர் கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை. நான் அங்கே இல்லை. வெள்ளகோவிலில், அத்தை வீட்டுப் பந்தலில், பாவாடையை முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழெட்டு வயது.

அத்தை மகள் பெரியவளாகியிருந்தாள், அன்று சீர். தாய்மாமன் இல்லாமல் சீர் ஏது? சூலூரிலிருந்து பஸ் மாறி மாறி அப்பா பட்டும் பூவும் பழத்தட்டும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ஆனால் அவரும் அத்தையும் பேசிக்கொண்டு வருஷங்கள் ஆகியிருந்தன. பிறந்த தோட்டத்தைத் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார் என்று அத்தைக்குக் கோபம். அந்தக் கோபத்தில் நாலு பேர் நடுவே அவள் சொல்லிவிட்ட ஒரு சொல்லால் அப்பாவுக்குக் கோபம். இனி அவள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டார். சாப்பிட மாட்டேன் என்பதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். சொன்னால் சொன்னதுதான். வந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஆனாலும் முதல் இலை மாமனுடையது, உட்காராமல் முடியாது. உட்கார்ந்தார்.

எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தண்ணீர் தெளித்த வெறும் பச்சை. பிறகு நுனியோரம் ஒரு சிட்டிகை உப்பு. யார் கண்ணுக்கும் படாத மூலை, ஆனால் வந்தது அதுதான் முதலில். ஊறுகாய் வந்தது, தயிர்ப் பச்சடி வந்தது, பொரியல் வந்தது, பூசணிக் கூட்டு வந்தது. பாகற்காயின் கசப்புக்குக்கூட அங்கே ஒரு முழம் பட்டா இருந்தது. நெய் வழியும் ஒப்புட்டு, எங்கள் ஊர்ப் போளி, அதன்மேல் சாய்ந்த வடை, எல்லாவற்றுக்கும் மேலே அப்பளம், மத்தியானத்தில் உதித்த நிலா மாதிரி. அப்புறம் சோறு, ஆவியோடு ஒரு மலை, மலையுச்சியில் குழி, குழியில் பச்சைப்பயறு கடைசல். புளிப்பு இனிப்பின் எல்லைக்குள் போகவில்லை, காரம் தயிரைத் தள்ளவில்லை. இத்தனை பேர் இத்தனை சின்ன இடத்தில் சண்டையில்லாமல் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று வாய் பிளந்து பார்த்தேன். எச்சில் ஊறியது என்பதையும் மறைப்பானேன்.

கை வைக்கப் போனேன். எதிர் வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணாலேயே தடுத்தார்.

"இரு அம்மிணி. மாமன் கை வெக்கட்டும்."

அப்போதுதான் கவனித்தேன். பந்தி முழுக்க யாருமே சாப்பிடவில்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமன் தொடாமல் எழுந்தால் வரிசையே எழுந்துவிடும். ஊர் பார்க்க அந்தப் பெண்ணின் சீர் குறைப்பட்டுப் போகும்.

"ஏனுங் மாப்ள, நெய் உறையுதுங்க," என்றார் அதே பெரியவர் அப்பாவிடம். "நமுத்த அப்பளத்த மடிச்சுப் பையில வெச்சுக்கலாமாட்ட இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை.

அத்தை வந்தாள். கையில் ஒரு மண்சட்டி. அப்பாவின் இலைமுன் குனிந்து, அந்த மலையோரத்தில் ஒரு கரண்டி வைத்தாள். பழுப்பாக, கெட்டியாக, கொள்ளுக் கடைசல். அந்நாளில் எங்கள் சீர்ப் பந்தியில் கொள்ளு ஏறாது. அது அன்றாட அடுப்பின் சாமான். வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"சீருல போயி கொள்ளா?"

அத்தை நிமிரவில்லை.

"எம்பட ஊட்டுச் சோத்தத் தொட வேண்டாங்ணா. இது நம்ம தோட்டத்துக் கொள்ளு. கடேசியா அறுத்தது. வெதைக்கு எடுத்து வெச்சிருந்தனுங்க. நீங்க வெதச்சதுதானுங்களே."

அப்பா சட்டியைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த கை அவிழ வெகுநேரம் ஆயிற்று. விரல் நுனியால் கொள்ளைத் தொட்டார், பக்கத்துச் சோற்றை இழுத்தார், பிசைந்தார். வாயில் வைத்து, மெல்லுவதையே மறந்தவர்போல் இருந்தார்.

"பூண்டு பத்துல, அம்மிணி," என்றார்.

"பத்தாதுங்ணா," என்றாள் அத்தை. "அவசரத்துல கடஞ்சது."

பந்தி முழுக்கக் கைகள் இலையில் இறங்கின. அடைமழை பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். எத்தனையோ இருக்க, ஒரு கரண்டிப் பழுப்புக்கு இவ்வளவு பெரிய பந்தியை ஓடவைக்கும் பலம் இருக்கிறதே என்று நான் மலைத்துப் போனேன். பாவம், அப்பாவுக்குக் கொள்ளு இல்லாவிட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் அவ்வளவு நேரம் பசியோடு இருந்திருக்கிறார். இப்படி முடிவுகட்டிக்கொண்டு ஒப்புட்டை எடுத்தேன்.

சாயங்காலம் அத்தை பஸ் ஏற்றிவிட வந்தாள். அப்பா முன்னால் ஏறி இடம் பிடித்துவிட்டார். படியில் கால் வைத்த நான், என் பெரிய கண்டுபிடிப்பை அவளுக்குச் சொல்லிவிடத் திரும்பினேன்.

"அடுத்த வாட்டி மொதல்லயே கொள்ளு வெச்சுருங்க அத்த. அப்பா உடனே சாப்புடுவாரு."

அத்தை என் கன்னத்தைப் பிடித்தாள். பார்வை மட்டும் என்னைத் தாண்டி, ஜன்னலோரத்து அப்பாவிடம் போயிற்று.

"அது அவ்வளவுதான் கண்ணு, தீந்துபோச்சு. இனி வெறுஞ் சோத்துக்கே வரச் சொல்லு."