கேத்தல் அணைத்த வெளிச்சம்

அன்று கோயிலை இருட்டாக்கியவர் ஆண்டவர் அல்லர். நான்தான். ஒரு தேத்தண்ணீருக்காக!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அந்த இருட்டை நம்பி ஒரு மனிதனை ஊரே ஒதுக்கிவைத்து ஆறு வருடமாகிறது. சிரித்து முடித்துவிட்டு அதையும் கேளுங்கள்.

யாழ்ப்பாணக் கடற்கரையில் ஒரு சிறிய அந்தோனியார் கோயில் எங்களுடையது. மணியடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பது எல்லாம் நான். அந்தச் செவ்வாய்க்கிழமை, பொழுதுபட்ட பிறகு, செபம் முடிந்து மெழுகுதிரிகளை அணைத்ததும் மரியதாசன் சத்தியம் செய்ய வந்தான். ஒருவருடைய படகு இஞ்சின் களவு போயிருந்தது, பழி இவன்மேல். எங்கள் கரையில் எந்த வழக்கும் பொலிசுக்குப் போகுமுன் அந்தோனியாரிடம்தான் போகும்.

அவன் அந்தோனியாரின் சுரூபத்தைத் தொட்டு, "நான் எடுக்கேல்லை..." என்று தொடங்கினான். நான் பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில், தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்க, மின்சாரக் கேத்தலைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். பழைய வயர், அங்கே கேத்தல் போடாதே என்று பங்குச் சுவாமியார் இரண்டு தரம் ஏசியிருந்தார். கேட்டேனா? மின்விசிறிகளும் ஓடிக்கொண்டிருந்ததில், பாரம் தாங்காமல் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. கோயில் முழுக்கக் கும்மிருட்டு!

"கண்டியளோ! அந்தோனியார் தீர்ப்புச் சொல்லிப்போட்டார்!" என்று கோயில் மூப்பர் கத்தினார். பிறகு வேதாகமமே கிளம்பிவிட்டது... எகிப்தை மூடிய மூன்று நாள் இருட்டு, நண்பகலில் சூரியன் மறையும் என்ற தீர்க்கதரிசி, கல்வாரியின் மூன்று மணி நேர இருள். அட, கல்வாரியில் இருண்டது உலகத்தின் பாவத்துக்கு! இங்கே இருண்டது என் வறண்ட தொண்டைக்கு! இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? மணியடிக்கிற வேலை போய்விடுமே என்ற பயம்... சத்தமில்லாமல் சுவிட்சைத் தூக்கிவிட்டுக் கேத்தலை அலுமாரிக்குள் ஒளித்தேன். சனத்தின் கோபம் ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருக்கிறேன்!

அதற்குப் பிறகு அவனை எவரும் படகில் ஏற்றவில்லை. சாவகச்சேரிச் சந்தையில் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிறான். இஞ்சினை எடுத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொய், பொறாமை என்று அடுக்குகிறேன். கேத்தல் மட்டும் தொண்டைக்குள் நின்றுவிடுகிறது. என்ன மனிதன் நான்!

போன செவ்வாய் மரியதாசன் கோயிலுக்கு வந்தான். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் போனபின் என்னிடம் வந்து கேட்டான்.

"அண்ணை, இஞ்சினை நான் தொடேல்லை. ஆனா ஆண்டவர் சும்மா இருட்டாக்குவாரே? வேற என்ன பாவம் செய்தனான் எண்டு ஆறு வரியமா யோசிக்கிறன்... ஒண்டும் பிடிபடேல்லை."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? "இரு, தேத்தண்ணி போட்டுத் தாறன்" என்றேன்.

உள்ளே போய், ஞாபகமாக மின்விசிறிகளை எல்லாம் நிறுத்திவிட்டு, அதே கேத்தலைப் போட்டேன். விளக்கு அணையவில்லை. அவன் ஊதி ஊதிக் குடித்தான். "நல்ல தேத்தண்ணி அண்ணை" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனான்.